சாட்லைட்டு சாரும் ஒரு கறுப்புப் புள்ளியும்

மேகமே இல்லாத வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனிதர் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்திலேயே ஒருவர்தான். நாங்கள் எல்லோரும் மழைக்காக அண்ணாந்து பார்ப்போம். அவர் மட்டும், "அப்பாடா, ஒரு பொட்டு மேகம் இல்ல. இன்னிக்கு நம்மள நல்லா படம் எடுத்துருப்பான்" என்பார். எடுப்பவன், வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள். அதனால் அவர் சாட்லைட்டு சார். சம்பளப் பட்டியலில் அவருடைய சொந்தப் பெயரைப் பார்த்தால், யாரோ புது ஆள் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று தோன்றும்.

எண்பதுகளின் நடுவில், அரியலூரில் ஒரு பாசன அலுவலகத்தில் அவர் பொறியாளர், நான் தட்டச்சர். எவ்வளவு மழை பெய்தது, நிலம் எவ்வளவு குடித்தது, மீதி எவ்வளவு ஏரிக்கு ஓடிவரும் என்று கணக்குப் போடுவார். பிறகு, சாட்லைட் படத்தில் அந்த ஏரி எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்று பார்ப்பார். இரண்டும் பொருந்தும்வரை கணக்கைத் திருத்திக்கொண்டே இருப்பார். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள்கூட ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். இவர் மாட்டார்.

அந்தப் படத்தில் தண்ணீர் கறுப்பாகவும் பயிர் சிவப்பாகவும் இருக்கும். எறையூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் தன் வயலைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"என்னங்க இது, செக்கச்செவேல்னு கெடக்கு! நோவு வுழுந்துடுச்சா?"

"செவப்பா இருந்தா பயிர் நல்லா இருக்குன்னு அர்த்தம்ங்க."

"நல்லா படம் புடிச்சாங்க போங்க!"

டீக்கடைக்காரர் மட்டும் விடுவாரா? "சார், மேலேருந்து பாத்தா என் கடை தெரியுதா?"

"தனியா தெரியாது. உன் கடை, பக்கத்துக் கோயில், எல்லாம் சேந்து ஒரே புள்ளி."

"சாமியும் நானும் ஒண்ணாங்க? இன்னிக்கு டீ என் செலவு சார்!"

ஒரு வருஷம் எல்லா ஏரிகளும் பொருந்தின. ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. கணக்குப்படி அது ததும்பியிருக்க வேண்டும். படத்தில் பாதிகூட இல்லை. அந்த ஏரியை நம்பியிருந்த கீழ் ஊர்க்காரர்கள், மேல் ஊர்க்காரர்கள் வழியில் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று மனுக் கொடுத்திருந்தார்கள். பெரிய அதிகாரிக்கு இவருடைய கணக்கே சாட்சியாகத் தோன்றியது. இவர் கையெழுத்துப் போட்டால் மேல் ஊர் மதகுக்குப் பூட்டு. அவர்களோ நாற்று விட்டுக் காத்திருந்தார்கள்.

"கணக்கு உங்களுது. வர வேண்டிய தண்ணி வரலை. அப்ப திருட்டுதானே? போடுங்க கையெழுத்தை" என்றார் அதிகாரி.

"பொருந்தலைன்னா முதல்ல கணக்கைத்தான் சார் சந்தேகப்படணும். மனுஷன் அப்புறம்."

"சரி, ஏதாவது ஒரு எண்ணை இழுத்துவிட்டுப் பொருத்தித் தொலைங்க."

"இழுத்தா பொருந்திடும் சார். ஆனா தண்ணி எங்க போச்சு?"

சொல்லிவிட்டு, படத்தில் சில கறுப்புப் புள்ளிகளைக் காட்டினார். ஊர் வரைபடத்தில் அந்த இடம் வெறும் பொட்டல். "அச்சு மை சிந்தியிருக்குய்யா" என்றார் அதிகாரி.

"எங்க சிந்தியிருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன் சார்" என்று கிளம்பினார் இவர்.

மொபெட்டில் பின்னால் நான். அவர் முதுகில், படத்தைச் சுருட்டி வைத்த நீளக் குழாய். அதை நாதஸ்வரம் என்று நினைத்து ஒரு பெரியவர் மரியாதையாக வழிவிட்டார். "எந்த ஊருல கச்சேரிங்க?"

"இன்னும் தெரியலைங்க. தேடிக்கிட்டிருக்கோம்" என்றார் சார், சிரிக்காமல்.

வெள்ளை மண்ணும் கருவேலம்புதருமாகக் கிடந்த காடு. படத்தை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வடக்க... இன்னும் கொஞ்சம்..." என்று நடந்தவரைத் திடீரென்று காணோம். தொபீரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பெரிய பள்ளம். நிறைய மழைத் தண்ணீர். கரையோரத்தில் கழுத்தளவு நீரில் நின்றபடி, படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"டைப்பிஸ்ட்டு! மை இல்லய்யா, தண்ணி! நான் புள்ளிக்குள்ள நிக்கறேன்!"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தொரட்டியோடு ஓடிவந்தார். "நீச்சல் தெரியுங்களா?"

"தெரியாதும்மா. நடுவுல ஆழம் எவ்ளோ இருக்கும்?"

"மொதல்ல வெளிய வாங்கய்யா! ஆழம் எங்கயும் ஓடிப்போவாது!"

ஈரச் சட்டையோடே மற்றப் புள்ளிகளையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். இந்த முறை நான் முன்னால் நடந்தேன். எல்லாமே பள்ளங்கள். ஏரிக்கு ஓட வேண்டிய மழைத் தண்ணீரை அவைதான் வழியிலேயே விழுங்கிக்கொண்டிருந்தன. அவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். ஏரி கச்சிதமாகப் பொருந்தியது. பள்ளங்களைச் சுற்றி ஓடைக்குப் புது வழி வெட்டித் தர வேண்டும் என்று அறிக்கை எழுதினார். மேல் ஊர் மதகுக்குப் பூட்டு விழவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் வேர்க்கடலை மூட்டையோடு வந்தார்கள். சார் முகத்தைச் சுளித்தார். "உங்களப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதலைங்க. பள்ளத்தப் பத்தித்தான் எழுதினேன்."

"அதுக்குத்தாங்க வந்தோம்" என்றார் அவர்களில் மூத்தவர்.

மாற்றலாகிப் போகும்போது அந்தப் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல மனுஷங்க யாரும் தெரிய மாட்டாங்க இல்லீங்களா?" என்று கேட்பார்கள். தெரிய மாட்டார்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு மட்டும், அந்தக் கறுப்புப் புள்ளியில், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்பது தெரிகிறது.