ஓட்டை அடைத்த சல்லடை

வரைபடத்தை மடிக்கும்போது மடிப்புக்குள் போய்விடுகிற இடத்தில் நெடுமணல் நாடு இருந்தது. அதன் ஆற்று மணலில் தங்கம் கிடந்தது. உமியைவிடச் சிறிய பொடிகளாகத்தான். குடிமக்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, மரத்தட்டில் மணலை அள்ளிச் சுழற்றி அலசுவார்கள். மணல் போகும், கனமான பொன் அடியில் தங்கும். அரசருக்கு ஒரு பங்கு போக மிச்சத்தில் உலை கொதிக்கும். ஆற்று வளைவில் இடம் பிடித்திருந்த கொண்டம்மை என்பவளுக்கும் அப்படித்தான் கொதித்தது.

ஒருநாள் மாமன்னர் திண்தோளர் உப்பரிகையிலிருந்து ஆற்றைப் பார்த்தார்.

“அமைச்சரே, எம் குடிகள் ஏன் எப்போதும் குனிந்தே இருக்கிறார்கள்?”

“பிழைப்பு, மன்னா.”

“பார்க்கும் எமக்கே முதுகு வலிக்கிறது. தன்மானமுள்ள நாட்டில் யாரும் குனியலாகாது. எம் முன்னிலையில் தவிர.”

இப்படியாகக் குனிதல் தடைச் சட்டம் வந்தது. மரத்தட்டுகளையெல்லாம் பறித்து, உடைத்து, அந்த விறகில் தன்மான விழாவுக்குப் பொங்கல் வைத்தார்கள்.

“நாளைக்கு உலையில என்னத்தப் போடுறது ஐயா?” என்று கொண்டம்மை காவலரிடம் கேட்டாள்.

“நிமிர்ந்து நின்று கேள்!” என்றார் காவலர்.

தட்டுகளுக்குப் பதிலாகக் கடல் கடந்து சுழல் சல்லடை வந்து இறங்கியது. பனைமர நீளத்தில், உடம்பெல்லாம் ஓட்டை போட்ட இரும்பு உருளை. சற்றே சாய்த்து வைத்திருந்தார்கள். மேல் வாயில் ஆற்று மண்ணைக் கொட்டித் தண்ணீரைப் பீய்ச்சினால், உருளை சுற்றச் சுற்ற மணலும் பொன்னும் ஓட்டைகள் வழியாக அடியில் இருக்கும் தொட்டியில் விழும். உதவாத கல் மட்டும் கீழ் வாய் வழியாக உருண்டு வெளியே போகும்.

தொடக்க விழாவில் மன்னரின் இருக்கையை அமைச்சர் அகோரநாதர் கீழ் வாய்க்கு நேர் எதிரே போட்டிருந்தார். மேளம் முழங்கியது. உருளை சுற்றியது. தடதடவென்று கற்கள் வந்து மன்னரின் பாதத்தருகே குவிந்தன.

சல்லடையைப் பூட்டிக் கொடுக்க வந்திருந்த தனுக்கோடி கையைப் பிசைந்தார். “மகாராஜா, அது கழிவுங்க. தங்கம் அடியில தொட்டியில விழுதுங்க.”

“மன்னரின் முன்னால் வருவது கழிவா?” என்றார் அமைச்சர். “யாருக்கும் தெரியாமல் அடியில் விழுவது தங்கமா? என்ன பேச்சு இது?”

தனுக்கோடியை அன்று மாலையே கப்பலேற்றிவிட்டார்கள். கற்களுக்கு மாலை போட்டுக் கருவூலத்தில் அடுக்கினார்கள். தொட்டியில் நிரம்பும் சேற்றைக் கரையில் வசிப்பவர்கள் தண்டனையாகச் சுமந்து போக வேண்டும் என்று ஆணை பிறந்தது. என்ன குற்றத்துக்கு என்று ஆணையில் இல்லை.

கொண்டம்மை கூடை கூடையாகத் தண்டனை அனுபவித்தாள். வீட்டுக்குப் பின்னால் சோற்றுச் சட்டியில் அதை அலசினாள். மூன்று மாதத்தில் கூரைக்கு ஓடு போட்டாள்.

அமைச்சர் பதறிக்கொண்டு வந்தார். “மன்னா, தண்டனை பெற்றவர்கள் சிரிக்கிறார்கள்.”

“சிரிப்பா? அப்படியென்றால் எங்கோ கசிகிறது.”

ஆய்வுக் குழு ஒன்று உருளையை ஆறு மாதம் சுற்றிச் சுற்றி வந்து, அதில் நாலாயிரத்து முந்நூறு ஓட்டைகள் இருப்பதைக் கண்டுபிடித்தது.

“இத்தனை ஓட்டைகளை வைத்துக்கொண்டா நாட்டை நடத்தினோம்!” என்று மன்னர் கண்கலங்கினார்.

ஓட்டைக்கு ஓர் ஆப்பு அடித்து, மேலே தாரும் பூசினார்கள். அதன் பிறகு கல், மண், பொன் எல்லாம் ஒன்றாகக் கீழ் வாய் வழியே வந்து மன்னர் முன் குவிந்தன. இருக்கையைத் தூக்கிக் குவியலின் மேல் வைத்தார்கள். மறுநாள் இன்னும் சற்று மேலே. ‘நாடு உயர்கிறது’ என்று சுவரெல்லாம் எழுதினார்கள். மேட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தாலும் அரசத் துரோகம். கரையில் ஒரு வீட்டிலும் உலை கொதிக்கவில்லை.

“ஓட்டையத் தெறங்க!” என்று கொண்டம்மையும் ஊராரும் மேட்டடியில் நின்று கத்தினார்கள்.

“குடிகளின் குரல் எமக்குக் கேட்கிறது,” என்றார் மன்னர். “தேர்தல் வைப்போம். உருளை வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டுமா, இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டுமா? நீங்களே முடிவு செய்யுங்கள்.”

ஒரே வாரத்தில் இரண்டு கட்சிகள், இரண்டு கொடிகள். கொண்டம்மையின் பக்கத்து வீட்டுச் சடையன், வலஞ்சுழிக்காகத் தன் சொந்தத் தம்பியின் மண்டையை உடைத்தான்.

தேர்தல் நாளில் மேட்டடியில் இரண்டு பெரிய மண்பானைகள் வைத்திருந்தார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் மேட்டிலிருந்தே மண்ணோடு ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார்கள். பிடித்த பானையில் போட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பானைகள் பாதிக்குமேல் நிரம்பின.

கொண்டம்மையின் முறை வந்தது. “ஐயா, ஓட்டையத் தெறக்கச் சொல்றதுக்கு எந்தப் பானை?”

“அம்மா, இங்கே அரசியல் பேசக் கூடாது,” என்றார் அதிகாரி. “தேர்தல் நடக்கிறது.”

பின்னால் நின்ற சடையன் நெளிந்தான். “ஏக்கா, கல்லப் போட்டுட்டு நகரு. வலமா இடமான்னு ஒரு வார்த்தையில முடியுற வேல.”

“வலமாச் சுத்துனா உன் வீட்ல சோறு வருமாடா?”

“சோறு வராதுக்கா. ஆனா இடமாச் சுத்துனா அவனுங்களுக்குக் கொழுப்பு வந்துருமே!”

கொண்டம்மை கல்லை ஓங்கி இடஞ்சுழிப் பானையின் அடிவயிற்றில் ஒரு போடு போட்டாள். நடுநிலை தவறக் கூடாதென்று வலஞ்சுழிப் பானைக்கும் ஒன்று வைத்தாள். இரண்டிலும் விரல் நுழைகிற ஓட்டை. கற்கள் உள்ளேயே நின்றன. காய்ந்த மண் பொலபொலவென்று கொட்டியது. கொட்டிய மண்ணில் வெயில் பட்டு மஞ்சள் மஞ்சளாக மின்னியது.

சடையன் மண்ணைப் பார்த்தான். மேட்டை அண்ணாந்து பார்த்தான். “ஏக்கா... அப்ப இந்த மேடு முழுக்க...?”

“இப்பக் கேளு. வலமா, இடமா?”

அவன் அதற்குள் மேட்டடியில் குனிந்து இரண்டு கையாலும் வாரத் தொடங்கியிருந்தான். அவன் பக்கத்தில் மண்டைக் கட்டோடு தம்பி. பிறகு வரிசை மொத்தமும்.

“குனியாதீர்கள்! சட்டப்படி குற்றம்!” என்று அதிகாரி அலறினார்.

“மன்னர் முன்னால குனியலாமுன்னு சட்டத்துலயே இருக்குதே ஐயா,” என்றாள் கொண்டம்மை, குனிந்தபடி.

மேட்டின் உச்சியிலிருந்து மன்னர் எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முதுகுகள்.

“அமைச்சரே, இத்தனை பேருமா எம் காலில் விழுகிறார்கள்?”

“ஆம், மன்னா. மாபெரும் வெற்றி,” என்றார் அமைச்சர், இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு.

மன்னர் இரு கைகளையும் உயர்த்தி ஆசி வழங்கினார். இருக்கையின் முன்கால் ஒரு சாண் இறங்கியது. கீழே யாரும் நிமிரவில்லை.