நிவாரணப் பட்டியலில் என் பெயர்

அடுத்தவர் துயரத்தில் கதை தேடிப் போனவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிய வேண்டாம்.

ஹட்டனில் தமிழ் ஆசிரியை. இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருந்தன. மூன்றாவதற்கு ஒரு வரிகூட வரவில்லை. அந்த நேரத்தில்தான் டயகம பக்கம் ஒரு தோட்டத்தில் மண் சரிந்து, லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். கடைவீதி ரபீக் நானா லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் ஏறினேன். வெள்ளைக் கைத்தறிச் சேலை, புது நோட்டுப் புத்தகம்.

“டீச்சர், அங்க முழங்காலளவு சேறு. இந்தச் சாரியோடயா வாறீங்க?”

“வெள்ளைதான் போட்டோவுல நல்லா இருக்கும் நானா.”

(ஆமாம், சொன்னேன். இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.)

லொறி பாதி வழியோடு நின்றுவிட்டது. எல்லோரும் அரிசி மூட்டை தூக்கினார்கள். நான் குடையும் நோட்டும் தூக்கினேன். முகாமில் கேட்க வேண்டிய முதல் கேள்வியை லொறியிலேயே எழுதி வைத்திருந்தேன்: ‘அந்த நேரம் உங்கள் மனநிலை எப்படி இருந்தது?’ பள்ளிக்கூட வாசலுக்குப் பத்தடி முன்னால், ‘மலை அழுதது’ என்றொரு வரி தோன்றியது. இப்படிப்பட்ட வரியை உடனே எழுதாவிட்டால் இலக்கியத்துக்கு நஷ்டமல்லவா? நடந்துகொண்டே எழுதினேன். கால் வழுக்கியது. தேயிலைச் செடி ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்து, ஒன்றும் நிற்காமல், கீழே மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் போய் உட்கார்ந்தேன். நோட்டுப் புத்தகம் தண்ணீரோடு போய்விட்டது. மலை அழுததோ இல்லையோ, நான் அழுதேன்.

ஓடி வந்து தூக்கியவர் லெட்சுமி. லயத்தில் அவர் குடியிருந்த ஒற்றையறைக் காம்பிரா முந்தின வாரம்தான் மண்ணுக்குள் போயிருந்தது. வகுப்பறை மூலையில் போர்வையைத் திரையாகக் கட்டி, ஒரு நைட்டியை நீட்டினார். முந்தின நாள் நிவாரணத்தில் அவருக்குக் கிடைத்தது. இன்னும் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

“ஐயோ, வேணாங்க. இது ஒங்களுக்குக் குடுத்தது.”

“ஈரத்தோட நின்னு காய்ச்சல் வந்தா ஒங்களையும் நாங்கதான் தூக்கிட்டு ஓடணும். பேசாமப் போடுங்க டீச்சர்.”

போட்டேன். கொடுக்கப் போனவள் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பெண்களோடு பாயில் உட்கார்ந்தேன். பட்டியல் எழுதும் அதிகாரி நேராக என்னிடம் வந்தார்.

“நம?” என்று சிங்களத்தில் பெயர் கேட்டார். சொன்னேன். வீட்டில் எத்தனை பேர் என்றார். நாலு பேர் என்றேன். (கேள்வி கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று பிள்ளைகளை மிரட்டி மிரட்டி எனக்கே அந்த வியாதி.) என்ன போயிற்று என்று கேட்டார். புத்தகம் என்றேன். பாவம், அதையும் அக்கறையாக எழுதிக்கொண்டார். நான் பாதிக்கப்பட்டவள் இல்லை என்று சொல்லும் அளவுக்கு என் சிங்களம் போதவில்லை.

அதற்குள் ஒரு தொலைக்காட்சிக்காரர் மைக்கோடு வந்தார். லெட்சுமி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, “இவங்க நல்லாப் பேசுவாங்க, இவங்களக் கேளுங்க” என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

“அம்மா, அந்த நேரம் உங்க மனநிலை எப்படி இருந்துச்சு?”

எனக்கு வந்ததே கோபம்! “மனநிலையா? குளிர்ல பல்லு அடிக்குது! எல்லாம் போச்சு! மொதல்ல ஒரு துண்டு குடுங்க, பொறகு மனநிலையக் கேளுங்க!”

லெட்சுமி முந்தானைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நேத்து எங்கிட்டயும் இதேதான் கேட்டாங்க டீச்சர். எனக்கு இப்பிடிச் சொல்லத் தெரியல.”

நோட்டுப் புத்தகம் கானோடு போனது நல்லதுதான் என்று அப்போது பட்டது.

நான் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. ‘வீடிழந்த தாய் கண்ணீர்’ என்று கீழே எழுத்தோடு என்னைக் காட்டியிருக்கிறார்கள். ராகலையிலிருந்து நாத்தனார் சட்டி பானை, பாய், தலையணையோடு வேன் பிடித்து வந்து, இடியாமல் நிற்கும் எங்கள் வீட்டைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் கதவுநிலையில் சாய்ந்து நின்றார்.

“வாங்க அகதியம்மா. ஒங்க அண்ணன் மட்டும் நாலு தடவ போன் கோல் எடுத்துட்டாரு.”

பட்டியலிலிருந்து என் பெயரை வெட்ட மூன்று முறை அலுவலகம் ஏறினேன். ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்க வைத்து, கையில் ஒரு பார்சலைத் திணித்து அனுப்பினார்கள். மூன்றையும் லெட்சுமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே இரண்டு புது நைட்டியும். அன்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான், குறுக்கே எதுவும் கேட்காமல், மூன்றாவது தொகுப்பின் முதல் கதையை எழுதினேன்.

தொகுப்பு வந்துவிட்டது. லெட்சுமிக்கு வீடு வரவில்லை. இன்னமும் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறார். போன மாதம் அதைக் கேட்க அவரோடு நானும் அலுவலகம் போனேன். அதே அதிகாரி. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

“அனே, நோனா, உங்களுக்கு இன்னும் வீடு கிடைக்க இல்லையா?”

லெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டிலும் வந்து சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் சந்தைக்குப் போய் வந்தாலும், கல்யாணத்துக்குப் போய் வந்தாலும், கணவரும் பிள்ளைகளும் வாசலிலேயே கேட்கிறார்கள், “என்ன, வீடு கெடச்சிருச்சா?”

“இன்னும் இல்ல” என்கிறேன். லெட்சுமி வீட்டில் பால் பொங்கும் வரைக்கும் அதுதான் பதில்.