எட்டுப் பிடியும் எடுத்துத் தோற்றவர்

அட்டை மழைக்காலத்தில்தான் வெளியே வரும். ஆனால் பன்னிரண்டு மாதமும் நம் மலைப் பக்கத்தில் காணக்கூடிய இன்னோர் உயிரினம் உண்டு. இரத்தினபுரி பஸ்ஸில் அது உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டில் எதிர் இலையில் அமர்ந்து, அப்பளத்தைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்து, அது நமுத்துப்போன பிறகு வருத்தத்தோடு தின்னும். இந்த இனத்துக்குப் ‘பொறுங்கர்’ என்று பெயர் வைப்போம். அது எழுப்பும் ஒரே ஒலி ‘பொறுங்க’ என்பதுதான்.

பொறுங்கரை ஏழை என்றோ கோழை என்றோ எண்ணிவிடாதீர்கள். கையில் ஒன்றுமில்லாதவன் காத்திருந்தால் அது அவன் நிலைமை. அதில் சிரிக்க எதுவுமில்லை. கையில் எல்லாம் இருக்க, இதைவிட நல்லது வரட்டும் என்று காத்திருப்பவரே அசல் பொறுங்கர். துல்லியமாகச் சொன்னால், கை எவ்வளவு பலமோ அவ்வளவு நேரம் காத்திருப்பார்.

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்கு என்னும் மேற்பிரிவுக்கு சுப்பவைசராக இருக்கும் ஏழுமலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் வேலை செய்யும் மகள் சுதர்ஷினி அவருக்கு ஒரு குடை அனுப்பினாள். பொத்தானை அழுத்தினால் படாரென்று விரியும் குடை. அதை அதன் பொலித்தீன் உறையோடே கக்கத்தில் வைத்துக்கொண்டு, மலைக்குப் போய், மழையில் தொப்பலாக நனைந்து, தலையில் ஒரு உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வீடு திரும்புவார். குடை மட்டும் நனையாது.

“அந்தக் கொடைய விரிச்சா என்னங்க, ராசா மகுடமா கழண்டு விழுந்திரும்?” என்பார் மனைவி வெள்ளையம்மா.

“பொறு. இது சும்மா தூத்தல். நல்ல மழை வரட்டும்.”

மழை ஓயாத இரத்தினபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு நல்ல மழைக்காகக் காத்திருக்கும் மனிதரை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

கைப்பேசியிலும் இதே கதைதான். பிள்ளைகள் இறக்கிக் கொடுத்த போக்கர் விளையாட்டில் தினமும் ஒரு போட்டி ஆடுவார். காசு இல்லை, வெறும் பொய்ச் சில்லுகள். இருக்கிற சில்லு அத்தனையையும் ஒரே கையில் வைத்துவிடும் ‘ஆல் இன்’ என்ற பொத்தான் திரையின் ஓரத்தில் மின்னிக்கொண்டே இருக்கும். ஏழுமலை அதைத் தொட்டதில்லை. ஒருமுறை இரண்டு ஏஸ் ஒன்றாக வந்தன. தொடக்கத்தில் கிடைக்க அதைவிட நல்ல கை அந்த விளையாட்டில் கிடையாது. அவர் சில்லில் ஒரு துளியைக் கிள்ளி வைத்தார், எதிராளி பந்தயத்தை ஏற்றியதும் “இவன் எதையோ வச்சிருக்கான்” என்று சீட்டை மடித்தார். இப்படி மடித்து மடித்து, ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயமாக வைக்க வேண்டிய சில்லே அவரை மெல்ல மெல்லத் தின்று தீர்த்தது. ஒரு சண்டைகூடப் போடாமல் செத்தார். “நான் கடைசி வரைக்கும் தப்பே பண்ணல” என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான். எதையும் பண்ணவில்லை.

பொறுங்கர் மற்றவர்களுக்கு மட்டும் வீராதி வீரர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தவன் கையை எட்டிப் பார்த்து, “இறங்குடா! இத வச்சிக்கிட்டு என்ன யோசனை?” என்று முதுகில் தட்டுவார். ஆட்டம் முடிந்ததும், “நான் அப்பவே நெனச்சேன்” என்பார். அவர் எதையும் அப்போது சொன்னதில்லை. அப்போது நினைத்ததோடு சரி.

சித்திரை வருஷப் பிறப்புக்குத் தோட்டத்துக் கிளப்பில் முந்நூற்று நாலு போட்டி நடக்கும். இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் சீட்டாட்டம் அது. ஜாக்தான் அதில் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. ஆளுக்கு எட்டுச் சீட்டு; ஆளுக்கொரு சீட்டு இறக்க, பெரிய சீட்டுக்காரர் அள்ளிக்கொள்வது ஒரு பிடி, மொத்தம் எட்டுப் பிடி. எட்டுப் பிடியும் நமக்கே என்று நிச்சயமானால், ஏழாவது பிடிக்கு முன்னால் ‘கெப்ஸ்’ என்று சொல்லி மீதிச் சீட்டைத் திறந்து வைக்க வேண்டும். கெப்ஸ் சொல்லி ஜெயித்தால் மூன்று புள்ளி. சொல்லாமல் ஜெயித்தால் ஒன்று. சொல்லிவிட்டு ஒரு பிடி தவறினால் மானம் போகும்.

இந்த வருஷப் பரிசை றக்வானை டவுனில் டயர் கடை வைத்திருக்கும் பயாஸ் கொடுத்தார்: முச்சக்கர வண்டிக்கு மூன்று புது டயர். அதை மேடையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு மாலையும் போட்டிருந்தார்கள். நடுவரும் அவரே.

அந்த டயர்களை விழுங்குகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தவன் கிருஷ்ணகுமார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் முச்சக்கர வண்டிக்காரன். அவன் வண்டியின் டயர்கள் வழுக்கைத் தலை போலத் தேய்ந்திருந்தன. “திங்கக்கிழமைக்குள்ள டயர் மாத்தலேன்னா புள்ளைங்கள மதுசன் வண்டில அனுப்பிருவோம்” என்று தாய்மார்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாதையின் வளைவுகளைப் பார்த்தவர்கள் யாரும் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். போட்டி நடந்தது ஞாயிற்றுக்கிழமை.

அவன் ஏன் போயும் போயும் ஏழுமலையைச் சோடி சேர்த்தான்? காரணம் இருந்தது. அவருக்குச் சீட்டு விழுவது போலத் தோட்டத்தில் யாருக்கும் விழாது. “டயர் வந்தா ஒனக்குத்தான் மாப்ள, எனக்கு எதுக்கு?” என்று தாராளமாக வாக்கும் கொடுத்திருந்தார். இறுதி ஆட்டம் வரை ஒவ்வொரு புள்ளியாகப் பொறுக்கி வந்தும் சேர்ந்துவிட்டார்கள்.

இறுதியில் எதிரே உட்கார்ந்தவர்கள் கீழ்க்கணக்குப் பிரிவுச் சுரேந்திரனும், அதே மதுசனும்.

கடைசிக் கை. ஏழுமலை பக்கம் இரண்டு புள்ளி பின்னால். சும்மா ஜெயித்தால் போதாது. கெப்ஸ் சொன்னால்தான் டயர். இது கிளப்பில் இருந்த எல்லோருக்கும், வாசலில் படுத்திருந்த நாய்க்கும் தெரியும்.

ஏழுமலை சீட்டை எடுத்தார். ஸ்பேட்டில் ஜாக், ஒன்பது, ஏஸ், பத்து, கிங். ஹார்ட்டில் ஜாக்கும் ஒன்பதும். டைமனில் ஜாக். மற்ற எல்லாச் சீட்டையும் வெட்டும் துரும்பு எது என்று தீர்மானிப்பது அவர் கையில், முதல் இறக்கமும் அவருடையது. இந்தக் கையைக் கோயில் சாமியிடம் கொடுத்திருந்தால், கல்லுச்சாமியே வாயைத் திறந்து கெப்ஸ் சொல்லியிருக்கும். ஏழுமலை ஸ்பேட்டைத் துரும்பாக வைத்து, ஜாக்கைப் போட்டார். வெளியே இருந்த மூன்று ஸ்பேட்டுகளும், ஆளுக்கொன்றாக, அந்த ஒரே பிடியில் விழுந்தன. இனி அவரைத் தவிர யாரிடமும் துரும்பு இல்லை.

“கெப்ஸ்” என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? தும்முவதற்கு ஆகும் நேரம். ஏழுமலை சீட்டை விசிறி போல விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார், ஒன்பதைப் போட்டார். பிறகு ஏஸ். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்:

“ஸ்பேட் ஏழு வந்திருச்சா?”

“மொதப் பிடியிலயே வந்திட்டு அண்ணே” என்றார் பயாஸ். “கேள்வி கேக்காம வெளையாடுங்க.”

ஏழுக்கு அந்த ஆட்டத்தில் மதிப்பே கிடையாது. ஜாக்கையும் ஏஸையும் இறக்கிப் பிடித்த மனிதர் அந்த ஏழுக்குப் பயந்தார். கணக்கில் வராத இன்னொரு ஏழு எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்பது அவர் சந்தேகம்.

சோடிக்காரன் சைகை காட்டினால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றிவிடுவார்கள். கிருஷ்ணகுமாருக்கு இருமல் வந்தது, இருமினால் சைகை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்தால் சைகை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகத் தன் வண்டியைப் பார்த்தான்.

“என்னண்ணே, முத்தட்டும்னு பாக்குறீங்களா?” என்றான் சுரேந்திரன். “கொழுந்து முத்திட்டா பெக்டரில எடுக்க மாட்டாங்க.”

பத்து. கிங். ஹார்ட் ஜாக். ஆறு பிடி முடிந்தது, ஆறும் ஏழுமலைக்கு. இனிச் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. அவர் நிமிர்ந்தார். வாய் திறந்தது. கிளப்பே முன்னால் சாய்ந்தது.

“பொறுங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிறேன்.”

குடித்தார். வாயைத் துடைத்தார். ஹார்ட் ஒன்பதைப் போட்டார். பிடித்தது. டைமன் ஜாக்கைத் தூக்கி மேசையில் அறைந்தார். அதுவும் பிடித்தது.

“எட்டும் நமக்கு! பாத்தியா மாப்ள? ஒண்ணு தவறல!”

யாரும் கை தட்டவில்லை. பயாஸ் மேடைக்குப் போய் மாலையைக் கழற்றினார்.

“எட்டுப் பிடியும் ஒங்களுக்குத்தான் அண்ணே” என்றார். “டயர் மதுசனுக்கு.”

கிருஷ்ணகுமார் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தான். அவை வெளுத்துப்போயிருந்தன.

“ஏன் மாமா சொல்லல?”

“நிச்சயமாத் தெரிஞ்ச பொறகு சொல்லலாம்னு இருந்தேன்.”

“எப்ப நிச்சயமாச்சு?”

ஏழுமலை நேர்மையானவர். யோசித்துத்தான் பதில் சொன்னார். “எட்டாவது விழுந்த பொறகு.”

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கோயிலடி வளைவில் டயர்கள் சேற்றில் சும்மா சுற்றின. இருவரும் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். ஏழுமலை ஒரு கையால்தான். இன்னொரு கை, கக்கத்தில் இருந்த குடை விழாமல் பார்த்துக்கொண்டது.

“அந்தக் கொடையையாவது விரிங்களேன் மாமா!”

“பொறு மாப்ள. இதுக்கே விரிச்சிட்டா நல்ல மழைக்கு என்ன பண்றது? டயர விடு, அடுத்த வருஷம் பாப்போம். இந்த மாதிரி கை ஒண்ணு வரட்டும்.”

கிருஷ்ணகுமார் வண்டியை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி பின்னால் வழுக்கி, தேயிலைக்குள் போய் நின்றது. அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். மறுநாள் காலை அந்த வளைவில், தேயிலைக்குள் சாய்ந்து நின்ற வண்டியை ஒட்டி, மதுசனின் வண்டி புது டயர்களில் வழுக்காமல் ஏறிப்போனது. உள்ளே இருந்த பிள்ளைகள் பழைய வண்டிக்குக் கை காட்டினார்கள்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். ஏழுமலையை உங்களுக்கும் தெரியும். உங்கள் மூத்த மச்சானை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். ஆனால் அவரிடம் இதைப் படித்துக் காட்டலாம் என்று நினைத்து, சரியான சமயம் வரட்டும் என்று பக்கத்தை மடித்து வைக்கிறீர்களே, அந்த விரல் யாருடையது? விருந்தாளிகளுக்கென்று கண்ணாடி அலுமாரியில் வைத்த பீங்கான் தட்டுகளில் நீங்கள் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறீர்கள்? தம்பியோடு சமாதானமாகப் பேச ஒரு நல்ல வார்த்தை வைத்திருந்தீர்களே, அதைப் போட்டாயிற்றா, இன்னும் விசிறிக்கொண்டுதான் இருக்கிறீர்களா?

பதில் சொல்ல அவசரமில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். குடித்த பிறகு வெளியே மழை பெய்கிறதா என்று எட்டிப் பாருங்கள். பெய்தால், உங்கள் புதுக் குடை எங்கே இருக்கிறது?