கதவு வேலை இன்னும் முடியவில்லை

பதற்றப்படுகிறவன் கையில் வீட்டு வேலையைக் கொடுக்கவே கூடாது. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், அது வேறு பிளாட்பாரத்தில் வந்துவிடுமோ என்று இரண்டு பக்கமும் ஓடிப் பார்க்கிற ரகம் நான். அப்படிப்பட்ட என்னிடம்தான் என் மனைவி செல்வி, தன் அப்பாவுக்கு ஒரு பாத்ரூம் கட்டும் பொறுப்பை ஒப்படைத்தாள். (என் திறமையைப் பார்த்து இல்லை. வேறு ஆள் இல்லை.)

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்னறை, பாவம், எங்களோடு சேர்ந்து பல வேஷம் போட்டிருக்கிறது. கல்யாணமான புதிதில் சீர்ப் பாத்திரங்களை அடுக்கி வைக்கும் குடோன். அப்புறம் மகளுக்குத் தொட்டில் கட்டிய அறை. கொரோனா சமயத்தில் என் ஆபீஸ். மகள் பப்ளிக் பரீட்சைக்குப் படித்தபோது பக்கத்தில் நின்று இருமக்கூட யாருக்கும் அனுமதி இல்லாத இடம். அவள் ஹாஸ்டலுக்குப் போனதும் அதில் துணி காயப்போட்டோம். இப்போது அது மாமனாரின் அறையாக வேண்டும்.

மாமா சிதம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். அத்தை தவறிப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்கும் அவரை இனி அந்த மாடிப்படி ஏற விடுவதில்லை என்று செல்வி முடிவு செய்தாள். அவள் ஒரே பெண். ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிற மனிதர் மாமா. அங்கேயே வந்து தங்குவதென்றால் அவருக்கு உயிர் போகிற சங்கதி. போதாக்குறைக்கு அவர் தம்பி வேறு. நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடும் சின்ன மாமா.

"பொண்ணு வூட்ல போயி ஒக்காந்துகினு இருந்தா ஜனங்க என்னா பேசுவாங்க? ரெண்டு நாளு சும்மா போயி பாரு. ஒத்து வரலன்னா நானே வண்டியில கூட்டியாந்துட்றேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

"ஏங்க, அந்த பாத்ரூம் மட்டும் சரியா அமைஞ்சிட்டா அப்பா இருந்துடுவாரு" என்றாள் செல்வி. "இல்லன்னா திரும்பவும் அந்த மாடிதான். வுழுந்தா என்னான்னு கேக்கக்கூட ஆளில்ல."

பின்னறையில் வாஷிங் மெஷின் இருந்த மூலையில் வேலை ஆரம்பித்தது. பிசியோதெரபி பார்க்கும் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தார்: வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ். முக்கியமாக, கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். கைப்பிடியில் நானே தொங்கிப் பார்த்தேன். டைல்ஸில் சோப்புத் தண்ணீரை ஊற்றி நடந்து பார்த்தேன். (விழுந்தேன். டைல்ஸை மாற்றினோம்.)

அப்புறம் நிலை வைக்கும் நாள் வந்தது. தலைவாசல் நிலைக்கு நல்ல நேரம் பார்ப்பார்கள். பாத்ரூம் நிலைக்கு எவனும் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். ஏதாவது ஒரு குறையில் மாமா கிளம்பிப் போய்விட்டால்? அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். மேஸ்திரி வந்ததே பத்தே காலுக்கு. நிலைக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவர் திகைத்து நின்றார்.

"சார், இது கக்கூஸுதானே?"

"பேசாம தூக்குங்க. மணி ஆவுது!"

அவரும் சித்தாளும் தூக்கி நிறுத்தினார்கள். நான் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். புகை அடங்கியதும் மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"சார், அவசரத்துல நிலைய முன்ன பின்ன மாத்தி நிறுத்திட்டோம். கதவு உள்பக்கமால்ல தொறக்கும்? எடுத்துத் திருப்பி வச்சிரட்டா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ராகுகாலம் பிறந்துவிட்டது. பூஜை போட்டு நிறுத்திய நிலையை, அதுவும் ராகுகாலத்தில் பிடுங்குவதா? "எந்தப் பக்கம் தொறந்தா என்ன, தொறந்தா சரி" என்றேன். அன்று செல்வி சிதம்பரத்தில் அப்பாவோடு இருந்ததால் தட்டிக்கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. அந்த நிலையில் ஒரு பிவிசி கதவையும் மாட்டினோம்.

மாமா வந்தார். சின்ன மாமாதான் காரில் கூட்டிவந்தார். வந்தவர் காரைத் திருப்பி, ரோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டுத்தான் இறங்கினார்.

மாமா அறையைச் சுற்றிப் பார்த்து "பரவால்ல" என்றார். காப்பி குடித்தார். பிறகு வாக்கரைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். நாங்கள் மூன்று பேரும் வெளியே, யாருக்காகவும் காத்திருக்காதவர்கள் மாதிரி நின்றோம். ஃப்ளஷ் சத்தம் கேட்டது. பரீட்சையில் பாஸான மாதிரி செல்வியைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் டக்கென்று ஒரு சத்தம். மறுபடியும் டக்.

"மாப்ள…"

"என்னா மாமா?"

"கதவு தொறக்க மாட்டேங்குது."

"தாழ்ப்பாள எடுங்க மாமா."

"எடுத்துட்டேன். வாக்கரு கதவுக்கும் டாய்லெட்டுக்கும் நடுவுல குறுக்க மாட்டிகிச்சு. கதவு தொறந்தாதான் அது நவுரும். அது நவுந்தாதான் கதவு தொறக்கும்."

செல்வி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "வெளிப்பக்கம்தானே தொறக்கணும்னு சொன்னாங்க?"

ராகுகாலத்தைப் பற்றி விளக்க அது நல்ல நேரமாகத் தெரியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்றார் சின்ன மாமா. கையில் கார் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. உள்ளே ஈரத் தரை. புது முட்டி. பிடித்து நடக்க வாக்கர் இல்லை. "எழுந்துடாதீங்க மாமா! அப்பிடியே ஒக்காந்துகுங்க!" என்று கத்தினேன். மேஸ்திரிக்கு போன் போட்டால், "பிவிசிதானே சார், கீழாக்க ஒரு தட்டு தட்டுனா ஒடஞ்சிடும்" என்றார்.

"மாமா, காலத் தள்ளி வச்சிகுங்க!" என்று குரல் கொடுத்துவிட்டு உதைத்தேன். என் வாழ்க்கையில் எதுவும் முதல் தடவையில் நடந்ததில்லை. அன்று நடந்தது. கதவைப் பொத்துக்கொண்டு என் கால் முட்டி வரை உள்ளே போனது. போனது திரும்பி வரவில்லை. உடைந்த பிளாஸ்டிக் நான்கு பக்கமும் கவ்விக்கொள்ள, ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். (உள்ளே ஒரு முட்டி, வெளியே ஒரு முட்டி. குடும்பமே வாக்கரில் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.)

உள்ளே மாமா என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பிறகு குரல் வந்தது.

"மாப்ள, கல்யாணத்துல தாம்பாளத்துல வச்சி ஒங்க காலக் கழுவுனேனே, பத்தலியா? இங்கயும் நீட்றீங்க?"

சின்ன மாமாதான் முதலில் சிரித்தார். அதைக் கேட்டு உள்ளேயிருந்து மாமா சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வரும் வரை. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா போனதுக்கப்புறம் அப்பா இப்பிடிச் சிரிச்சி இப்பத்தாங்க கேக்குறேன்" என்றாள். என் காலை விடுவிக்க வேண்டும் என்பது கொஞ்ச நேரம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

சின்ன மாமா என்னைப் பிடித்து இழுத்துவிட்டார். அந்த ஓட்டை வழியாகச் செல்வி கையை விட்டு, வாக்கரின் பட்டனை அமுக்கி மடக்கி ஓரமாகச் சாய்த்தாள். கதவு திறந்தது. மாமாவை மெல்லப் பிடித்துவந்து கட்டிலில் உட்கார வைத்தோம்.

சின்ன மாமா பையைக் கையில் எடுத்தார். "கெளம்பலாமாண்ணா?"

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா உடைந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிட்றா வர்றது? கதவு ஒடஞ்சி கெடக்கு. மாப்ளைக்கு வூட்டு வேலன்னா ஒரு எழவும் தெரியல. முடியிற வரைக்கும் கூட இருந்து பாத்துட்டு வரேன். நீ போ."

மறுநாளே நிலையைப் பிடுங்கித் திருப்பி வைத்தோம். நல்ல நேரம் யாரும் பார்க்கவில்லை. கதவு வரும் வரைக்கும் என்று ஒரு ஸ்கிரீன் துணியைத் தொங்கவிட்டோம். கதவும் வந்தது. மாமா பார்த்துவிட்டுக் கலர் சரியில்லை என்றார். இன்னொன்று வந்தது. சத்தம் போடுகிறது என்றார். அடுத்தது இழுப்பதற்குக் கனமாக இருக்கிறதாம். கதவுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், கதவுல ஒரு கொறையும் இல்ல" என்றார். "பெரியவரு சொல்றாருல்ல, எடுத்துட்டுப் போங்க. மெதுவா வாங்க, அவசரமில்ல" என்றேன். என் ஆயுளில் நான் அவசரமில்லை என்று சொன்னது அது ஒன்றுதான்.

மகள் காலேஜ் முடித்து வேலைக்கே போய்விட்டாள். அந்த பாத்ரூமில் இன்னும் ஸ்கிரீன்தான். உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சிதம்பரத்திலிருந்து யாராவது போன் செய்து, "இன்னும் பொண்ணு வூட்லதான் கீறீங்களா?" என்று கேட்டால், "என்னா பண்றது, இங்க கதவு வேல இன்னும் முடியல" என்பார் மாமா. விருந்துக்கு வந்து கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் யாரைப் பார்த்தும், "என்னா, கதவு வேலையா?" என்று கேட்பது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மாமா சிதம்பரம் போனார். மாடி வீட்டைத் திறந்து தூசி தட்டினார் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. அங்கேயே இருந்துவிடுவாரோ? சாயந்திரம் அவரே கூப்பிட்டார்.

"மாப்ள, நான் இல்லாத நேரம் பாத்து கதவுக்காரன் வந்து மாட்டிட்டுப் போயிடப் போறான். வுட்டுறாதீங்க."

"வுட மாட்டேன் மாமா" என்றேன்.