மெகாபாஸ்கலும் மூட்டை சாரும்

ஹைதராபாத்தே டாலரில் கனவு கண்டுகொண்டிருந்த காலத்தில், அரிசி மூட்டையில் கனவு கண்ட ஒரே மனிதர் எங்கள் மூட்டை சார்தான்.

வெளிநாட்டு மெஷின் பாகங்கள் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அனுப்புகிற ஆபீஸ் எங்களுடையது. அமெரிக்காக்காரன் விடையை பிஎஸ்ஐயில் கேட்பான். ஜெர்மன்காரன் மெகாபாஸ்கலில் கேட்பான். சார் இரண்டையும் நம்ப மாட்டார். அம்பாசமுத்திரத்துக்காரர், அரசாங்க ஆலையில் ரிட்டையராகி எங்களுக்கு டீம் லீடராக வந்தவர். எந்த எண்ணையும் முதலில் கிலோவாக்கி, அதை இருபத்தைந்து கிலோ சோனா மசூரி மூட்டையாகவும் ஆக்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஒரு மூட்டையைத் தொங்கவிட்டால் சாதா இரும்பு சரண்டர் என்பார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மனுஷன் சொன்னது சரி.

யூனிட் இல்லாமல் எண்ணை நீட்டினால் தொலைந்தோம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ரிப்போர்ட்டில் வெறுமனே நூற்றி எண்பது என்று எழுதிக் கொண்டுவந்தாள்.

"நூத்தியெண்பது என்னம்மா? பிஎஸ்ஐன்னா ஒரு பிடி அரிசி. மெகாபாஸ்கல்னா முக்கா மூட்டை. ஆயிரத்துல சொல்ற பிஎஸ்ஐன்னா, லட்சத்து எண்பதாயிரம், அஞ்சு மூட்டை. நான் பையை எடுத்துட்டுப் போகவா, லாரி சொல்லவா?"

அமெரிக்கா போன் காலிலும் அதே கதைதான். பாகம் எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது என்று கேட்டவனிடம் கூசாமல் "டூ ரைஸ் பேக்ஸ்" என்றார். எங்கள் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். சார் நிதானமாக, உங்களுக்கு எழுபத்திரண்டாயிரம் பிஎஸ்ஐ, ஜெர்மனிக்கு ஐந்நூறு மெகாபாஸ்கல், ஊர் எதுவானாலும் உங்கள் இரும்பு ஒரு மூட்டைக்கு மேல் தாங்காது என்று விளக்கினார். அதற்கப்புறம் அவனே மெயிலில் எத்தனை மூட்டை என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இப்பேர்ப்பட்டவரின் மகளைத்தான் எனக்குப் பிடித்துத் தொலைத்தது. சுதாவுக்கு அதே கட்டடத்தின் மேல்மாடியில் சாஃப்ட்வேர் வேலை. மத்தியானம் அப்பாவுக்கு ரசம் கொண்டுவருவாள். அவர் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுவாள். ரசத்தில் ஆரம்பித்த பேச்சு கல்யாணத்தில் வந்து நின்றது. ஆனால் அப்பா சம்மதிக்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் நான் என்ன ஆவேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மௌலா அலியில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சுதா, "டென்ஷன் நக்கோ", அதாவது டென்ஷன் வேண்டாம், என்று ஹைதராபாத் உருதுவில் கிசுகிசுத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். உனக்கென்னம்மா, அடி வாங்கப்போவது நானல்லவா!

விஷயத்தைச் சொன்னேன். சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எம்மகளை எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார். ரொம்ப என்றேன்.

"ரொம்பன்னா? யூனிட் சொல்லும்வே."

எங்கிருந்து வந்ததோ தெரியாது, "சார், இது ஸ்ட்ரெஸ் இல்ல, ஸ்ட்ரெயின். யூனிட் கிடையாது" என்று உளறிவிட்டேன். அவர் மூட்டையில் அளக்கிற அழுத்தம்தான் ஸ்ட்ரெஸ். இழுத்தால் கம்பி தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பதுதான் ஸ்ட்ரெயின். இன்ச்சில் அளந்தாலும் மில்லிமீட்டரில் அளந்தாலும் ஒரே எண். அவரால் மாற்றவே முடியாத கணக்கு அது ஒன்றுதான்.

அவர் சிரிக்கவில்லை. அளவோடு இழுத்த கம்பி விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அளவு மீறினால் வராது. அதைத்தான் கேட்டார்.

"நான் மாட்டேன்னுட்டா, பழையபடி ஆயிருவீரா?"

"ஆக மாட்டேன் சார். அதெல்லாம் தாண்டியாச்சு."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சுதா, மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டா."

மாமாவுக்கு இப்போது வயசாகிவிட்டது. அவர் லேசாக இருமினாலும், சுதாவுக்கு முன்னால் நான்தான் எழுந்து ஓடுகிறேன்.