வைப்பர் டீச்சரும் தாத்தா காரும்

செங்கல்பட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஆனால் கார் பார்க்கத் தெரிந்தவர் என்று தேடினால், கூடுவாஞ்சேரியிலிருந்து படாளம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் புவியியல் ஆசிரியை வைப்பர் டீச்சர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அது தலைமையாசிரியருக்கு மட்டும்தான் ஞாபகம். டீச்சருக்கு ஒன்று வேண்டாமென்றால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆட்டுவார். மழையில் பஸ் கண்ணாடியைத் துடைக்குமே, அதே வேகம், அதே அலட்சியம். "டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரலாமா?" விரல் ஆடும். "டீச்சர், இன்னிக்கி பரீட்சை வேணாம் டீச்சர்." விரல் ஆடும். வைப்பர் என்று பெயர் வைத்த பையன் யாரோ தெரியாது. பெரிய ஆளாக வந்திருப்பான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டேன். டீச்சர் ஆப்பிரிக்கா வரைபடத்தில் குச்சியை வைத்து நைல் நதியில் ஏறிக்கொண்டிருந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கமிருந்து ஒரு உறுமல். குச்சி சூடானிலேயே நின்றது. டீச்சர் தலையைச் சாய்த்து, கண்களைப் பாதி மூடி, தூக்கத்தில் நடப்பவர் போல ஜன்னலுக்குப் போனார். வகுப்பே பின்னால் போனது.

"ஆறு சிலிண்டர்..." என்றார், மூச்சுக் காற்றில்.

தூசியைக் கிளப்பிக்கொண்டு ஒரு செங்கல் லாரி கடந்தது.

"சைலன்சர் ஓட்டை. உட்காருங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து நைல் நதியில் ஏறினார்.

டீச்சருக்கு எல்லாக் காரும் கார் அல்ல. ஸ்போர்ட்ஸ் கார்தான் கார். "தரையோட தரையா படுத்திருக்கணும் சார். பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி இருக்கணும்." அம்பாசிடரும் லாரியும் மாட்டுவண்டியும் ஓடிய அந்த நாளில் இப்படியொரு ஆசை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகைகள்தான் அவருக்கு வேதம். அதன் விளைவு பரீட்சையில் தெரிந்தது. இத்தாலியின் தலைநகரம் எது என்ற கேள்விக்கு அவர் வகுப்பு முழுவதும் "மோதெனா" என்று, ஸ்போர்ட்ஸ் கார் செய்கிற ஊரின் பெயரை எழுதியது. தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "எனக்கும் அதுதான் சார் தலைநகரம்" என்றாராம்.

பெண் பார்க்க வந்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, நல்ல குடும்பம், தலை நிறைய முடி. பஜ்ஜி தின்றுவிட்டு, பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எந்தக் கார் ஆனா என்ன, எல்லாத்துக்கும் நாலு சக்கரம்தானே" என்றிருக்கிறார். கதவோரம் நின்ற பெண்ணின் விரல் ஆடிவிட்டது. அதோடு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. டீச்சரும் எடுக்கவில்லை.

என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருடைய சாரதியானேன். ஊர் என்ன பேசுமோ என்று நான் தயங்கியபோது என் மனைவிதான் புளிசாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். "டீச்சரோட போற அன்னிக்காவது ஞாயித்துக்கிழமை குளிக்கறீங்க. போய்ட்டு வாங்க." திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே கடற்கரைச் சாலையோரம் ஒரு சவுக்குத் தோப்பில் இறங்குவோம். டீச்சர் மடக்கு ஸ்டூலைப் போட்டு, குடையை விரித்து, பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்ப்பார். சவுக்கு இரைவதும் கடல் இரைவதும் ஒன்றோடொன்று கலந்து, எது எதென்று தெரியாது. கானல் நெளிகிற தார்ச்சாலையில் ஒரு சைக்கிள் வந்தால்கூட அது மிதந்து வருவது போலிருக்கும். அங்கேதான் அவர் எனக்கு அந்தக் குடும்பத்தை அறிமுகப்படுத்தினார்.

அது ஒரு ஜெர்மன் கார். நத்தை வீட்டைத் தூக்கிக்கொண்டு போவதுபோல என்ஜினைப் பின்னால் சுமக்கிற கார். அதில் மூன்று தலைமுறையாம். அறுபதுகளில் பிறந்தது தாத்தா, நிமிர்ந்த உருண்டைக் கண், மெல்லிய வெள்ளிப் பம்பர். அடுத்தது அப்பா, கறுத்துத் தடித்த பம்பர், குடும்பப் பொறுப்பு ஏறிய முகம். கண் சாய்ந்து வழுவழுவென்று இருப்பது பேரன்.

அப்பாவைக் கூடுவாஞ்சேரியில் பார்த்தோம். பச்சை நிறம், புகை கக்கிக்கொண்டு ஓரங்கட்டி நின்றது. டீச்சர் அதை மூன்று சுற்றுச் சுற்றினார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "இன்னா டீச்சர், கோயில் சுத்துற மாரி சுத்திக்கினு கீறீங்க?" என்றார். பேரன் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் வாசலிலிருந்து மஞ்சளாகப் பாய்ந்து போனது. பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அதற்கே ஆசிரியர் அறை முழுவதும் ஜாங்கிரி.

தாத்தாவை மட்டும் காணவில்லை. வருடங்கள் ஓடின. என் தலையில் நரை விழுந்தது. கடற்கரைச் சாலையை அகலமாக்கிப் புதுத் தார் போட்டார்கள். "தாத்தாவைப் பார்க்காம அப்பனையும் பேரனையும் மட்டும் பார்த்தா அது என்ன உறவு சார்?" என்பார் டீச்சர்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். சென்னையில் பழைய கார் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு வரிசையாகப் போகிறார்கள் என்று தெரிந்தது. அதில் தாத்தாவும் ஒன்று. அன்று காலை டீச்சரை அழைக்கப் போனவன் அசந்துவிட்டேன். அரக்குப் பட்டுப் புடவை, தலையில் மல்லிகை.

"யாருக்குக் கல்யாணம் டீச்சர்?"

"பெரியவங்களைப் பார்க்கப் போறோம் சார்."

தோப்பில் காத்திருந்தோம். முதலில் நீள மூக்குள்ள வெள்ளைக்கார வண்டி ஒன்று வந்தது. பின்னால் கூரையில்லாத ஒரு சிவப்பு வண்டி. ஓட்டியவர் பக்கத்திலிருந்த பெண்ணின் கழுத்துத் துணி காற்றில் நெடுந்தூரம் பறந்தது. அப்புறம் தீப்பெட்டி அளவில் ஒரு இத்தாலிக்காரன். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் மெதுவாகத் தலையசைத்தார். பிறகு சாலை காலியானது. தாத்தா வரவில்லை.

அதற்குப் பதில் சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து ஒரு ஆட்டோ திக்கித் திக்கி வந்து, எங்கள் எதிரிலேயே உயிரை விட்டது. உள்ளே செல்வி என்ற மீனவப் பெண், நிறைமாத வயிறு, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் அஞ்சலையம்மாள் இறங்கி ஓடி வந்தாள்.

"யம்மா, எதுனா பண்ணும்மா! கொயந்த திரும்பிக்கினு கீதாம். நர்ஸம்மா செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவச் சொல்ட்ச்சி. இந்த ஆட்டோ நின்னு பூட்ச்சி!"

என் ஸ்கூட்டரில் அவளை ஏற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸும் கண்ணில் படவில்லை. நான் சாலையின் இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தேன்.

அப்போதுதான் வடக்கே அந்தச் சத்தம் கேட்டது. கரகரவென்று, அடித்தொண்டையில் பாடுவது போல. டீச்சரின் தலை தானாகச் சாய்ந்தது.

"வருது சார்" என்றார்.

செல்வி அலறினாள். அடுத்த நொடி பட்டுப் புடவையும் மல்லிகையுமாக டீச்சர் நடுரோட்டில் நின்றார், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. டயர் கிறீச்சிட்டது. அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். "மேடம், பைத்தியமா உங்களுக்கு? இந்த பிரேக் எவ்ளோ பழசு தெரியுமா?"

"பிரேக்கைப் பத்தி அப்புறம் பேசலாம். கதவைத் திறங்க. பிரசவ வலி."

"ஐயையோ... மேடம், இது ஒரிஜினல் லெதர் சீட்..."

டீச்சரின் விரல் எழுந்தது. இடம், வலம். அவ்வளவுதான். வெள்ளைச் சட்டைக்காரர் கதவைத் திறந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொப்பிக்காரர் யாரும் சொல்லாமலே இறங்கினார். செல்வியை முன்னால் சாய்த்து உட்கார வைத்தோம். பின்னால் சீட் என்ற பெயரில் இருந்த பொந்துக்குள் அஞ்சலையம்மாளைப் பாய் மாதிரி சுருட்டித் திணித்தோம்.

"இன்னாய்யா காரு இது? எங்க வூட்டு கோயிக்கூடு இத்தவிடப் பெர்சா கீது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நேரா திருக்கழுக்குன்றம், அங்கிருந்து செங்கல்பட்டு. எங்கயும் நிக்காதீங்க" என்றார் டீச்சர். கார் வட்டமடித்துப் பறந்தது.

தூசி அடங்கியதும் கேட்டேன். "டீச்சர், தாத்தாதானே?"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "பார்க்கல சார்."

"முன்னாடிதானே நின்னீங்க!"

"அந்தப் பொண்ணு கால்ல செருப்பு இல்ல. அதைத்தான் பார்த்தேன். என்ன கலர் சார் அது?"

நான் சொல்வதற்குள் தொப்பிக்காரர் ஆர்வமாக ஆரம்பித்தார். "மேடம், அது சிக்ஸ்டீஸ்ல..."

"சொல்லாதீங்க" என்று டீச்சர் தடுத்துவிட்டார். "நானே பார்க்கணும்."

தொப்பிக்காரரும் நானும் புளிசாதம் சாப்பிட்டோம். இரண்டாவது உருண்டையை அவர் கேட்டு வாங்கினார். டீச்சர் தொடவில்லை. வெயில் சாய்ந்தது. சவுக்கு நிழல் சாலையின் குறுக்கே நீண்டு படுத்தது. கடல் காற்றில் எனக்குக் கண் சொக்கும்போதெல்லாம் அவர் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதில்ல சார்?" ஒருமுறைகூடக் காரைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசியில் அந்தச் சத்தம் திரும்ப வந்தது. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கார் நிற்பதற்குள் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு?"

காலையில் பார்த்த ஆள்தானா என்று சந்தேகம் வந்தது. வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. லெதர் சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கதவில் நெடுக அஞ்சலையம்மாளின் வெற்றிலைச் சாறு. மனிதர் முகமெல்லாம் சிரிப்பு.

"பொண்ணு மேடம்! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அந்தம்மா ஆஸ்பத்திரி வாசல்ல என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டாங்க. நானும் அழுதுட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் டீச்சர் இரண்டடி பின்னால் வந்தார். அதன் பிறகுதான் பார்த்தார். விடிகாலைக் கடலின் சாம்பல் நீலம். நிமிர்ந்த உருண்டைக் கண்கள். மெல்லிய வெள்ளிப் பம்பரில் சவுக்குத் தோப்பு முழுவதும் வளைந்து தெரிந்தது. டீச்சர் சுற்றி வந்தார். பின்பக்கம் போனதும் அங்கேயே வெகுநேரம் நின்றார். புடவைத் தலைப்பு கண்ணுக்குப் போனது.

"உட்காருங்க மேடம். எவ்ளோ தூரம் வேணும்னாலும் போலாம்" என்று கதவைத் திறந்து பிடித்தார் காரின் சொந்தக்காரர்.

டீச்சர் அந்தச் சீட்டைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார்.

"வேணாங்க. உள்ள உட்கார்ந்தா கார் தெரியாதே" என்றார். பிறகு குழந்தை போலக் கூச்சத்துடன் கேட்டார். "நீங்க ஓட்டறீங்களா? நான் இங்க நின்னு பார்க்கறேன்."

அவர் ஓட்டினார். மாலை வெயிலில், காலியான சாலையில், வடக்கே போய்த் திரும்பித் தெற்கே வந்து, மறுபடி வடக்கே. ஒரு முறை வேகமாக, ஒரு முறை நடக்கிற வேகத்தில். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். புதுச்சேரியில் அவர்களுக்காக யாரோ காத்திருப்பார்கள் என்பது இருவருக்கும் மறந்தே போயிருந்தது.

திரும்பும்போது டீச்சர் மடக்கு ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், "மெதுவாவே போங்க சார்" என்றார். நான் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். இன்னும் குறைத்தேன். செங்கல்பட்டு சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று எனக்கும் இருந்தது.