அறுபத்தெட்டு கிலோ

பல் துலக்கித் துப்பியதில் ரத்தம் வந்தது. எடைமேடைக்காரர் அதைக் கழுவிவிடாமல், சாட்சிக்காகத் தொட்டியில் அப்படியே விட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

நுரையீரலில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதால் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள் ஆகிறது. காலையும் மாலையும் வயிற்றில் ஓர் ஊசி. மருந்து குறைந்தால் மறுபடி அடைக்கும், கூடினால் ரத்தம் கசியும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். இவரோ முப்பது வருடமாக லாரிகளுக்கு எடை போடுகிறவர். ஓட்டுநர் சிரித்தால் சுமையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஊசியோடு வந்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"இந்த மருந்து எனக்கு அதிகம் சிஸ்டர்."

"டாக்டர் எழுதினதுதான் சார்."

"எழுதினதைக் காட்டுங்க."

நோயாளியிடம் சீட்டைக் காட்டும் வழக்கமில்லை என்றார் நர்ஸ். காட்டாத சீட்டில்தான் வில்லங்கம் இருக்கும் என்றார் இவர். சாட்சியைக் காட்டலாம் என்று நர்ஸைக் கூட்டிக்கொண்டு போனால், அதற்குள் தொட்டியை யாரோ பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தார்கள். இது பெரிய இடத்து ஏற்பாடு என்று முடிவு கட்டினார்.

மனைவியாவது தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்தார். அவள் நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டாள். சொந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையே மூன்று முறை சரிபார்த்த மனுஷன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள்.

டாக்டர் வந்தார். இந்த மருந்துக்கு ஈறில் லேசாக ரத்தம் வருவது சகஜம் என்று சொல்லிவிட்டு, படபடப்புக்கு ஒரு மாத்திரை எழுதினார். வாயை மூடவைக்க மாத்திரையா என்று இவர் அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்தார். விரிப்பை மாற்றும்போது அது உருண்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாத்திரைக்கும் நர்ஸ் எதிரே நின்று, விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார்.

"கொஞ்சம் நம்புங்களேன்" என்றாள் மனைவி.

"நம்பிச் செத்துட்டா யார்கிட்ட போய்க் கேக்கறது?"

உண்மையில் அவருக்குப் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார்.

மாலையில் மூக்கிலும் ரத்தம் வந்தது. ஊசி வந்ததும் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார். டாக்டர் திரும்ப வர வேண்டியதாயிற்று.

"எந்தக் கணக்குல இதைப் போடறீங்க டாக்டர்? அதை மட்டும் சொல்லுங்க."

"எடைக் கணக்குதான். நீங்க அறுபத்தெட்டு கிலோ."

"நானா? பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன், பாருங்க."

நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்லும் ஊழியர் அவரைத் தள்ளிக்கொண்டு போய்த் தராசில் ஏற்றினார். ஐம்பத்தெட்டு காட்டியது. டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. அன்றைய ஊசியை நிறுத்தி, உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். விடாமல் கேட்டது நல்லதாகப் போயிற்று என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

அவருக்கு அதெல்லாம் போதவில்லை. நான்கு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"பத்து கிலோவைக் கூட்டி எழுதின அந்த மகானுபாவன் யாரு? அவர் மூஞ்சிய நான் பாக்கணும்."

பின்னால் நின்ற சக்கர நாற்காலிக்காரர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"நான்தான் சார். சேர வந்த அன்னிக்கு, மடியில வச்சுக்கிட்டு வந்த பத்து கிலோ எடைக்கல்லைப் போட்டு எங்க தராசு சரியான்னு பாத்தீங்க. சரியா இருக்குன்னதும் அதை இறக்காமலே நீங்களும் ஏறிட்டீங்க. எடை போடறதே தொழிலா இருக்கறவருக்கு நான் என்னத்தைச் சொல்றது?"